கூலி வாங்காதவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வண்டிப்பேட்டையில் அவருக்குப் பெயரும் கிடையாது. "குடைக்காரர் வந்துட்டாராலே?" என்று கேட்டுக்கொள்வோம். அவ்வளவுதான்.

எனக்கு அவரைப் பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். நல்லது இருந்தால் அந்தந்த இடத்தில் வரும். அவர் சொன்ன சொல்லை நம்பி ஒரு மனிதன் குறுக்குத்துறையில் ஆற்றோடு போனான். என் வண்டியில் வந்த மனிதன். அது யார் செய்த குற்றம் என்று ஊர் பல விதமாகப் பேசியது. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். அதற்கு அவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்ல வேண்டும்.

செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் விட்ட பிறகு எங்கள் ஸ்டேஷனில் கூட்டம் கூடியது. வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஏழெட்டு வில்வண்டிகள் நிற்கும். என்னுடையதும் ஒன்று. மாடு ஒன்று மயிலை, ஒன்று செவலை. ரயில் வந்ததும் சாமி கும்பிட வருகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்குவார்கள். நாங்கள் வாய் திறப்பதற்குள் அவர் அங்கே நிற்பார்.

நெட்டையான ஆள். முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதிப் பென்ஷன் வாங்கியவர். அந்தக் காலத்துக் கறுப்புக் கோட்டை விடவில்லை. வெயில் பட்டுப் பட்டு அது பச்சை பாரித்துப் போயிருந்தது. கையில் குடை. வெயிலுக்கும் விரிக்க மாட்டார், மழைக்கும் விரிக்க மாட்டார். அது சுட்டிக் காட்டுவதற்கு உள்ள குடை.

"வாங்க, வாங்க. சாமி பாக்கத்தானே? நான் காட்டுதேன். கூலி கிடையாது. தர்மத்துக்குச் செய்யுதேன்."

இதுதான் அவருடைய முதல் பேச்சு. யாரிடமும் இதே பேச்சு. கூலி கிடையாது என்று கேட்டதும் வந்தவர்கள் முகம் மலரும். பிறகு எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை வேறு. கூலி கேட்கிறவன் எல்லாம் பிக்பாக்கெட் மாதிரி ஆகிவிடுவோம்.

எங்களில் மாடசாமிக்குத்தான் வாய் ஜாஸ்தி. ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் பென்ஷன் வருது. வீட்டுல சாஞ்சு கெடக்கலாம்லா? எதுக்கு எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுதீக?"

"நான் ஒன் கூலியவா பிடுங்குதேன்? வண்டி ஓட்டுறவன் வண்டி ஓட்டுலே. கோயிலப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"என்ன வேணும்னாலும் கேளு."

மாடசாமி யோசித்தான். "அந்த வேப்பமரத்துல எத்தன காக்கா இருக்கு?"

"பதினாலு," என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது விளையாட்டு இல்லை.

தெரியாது என்று ஒரு சொல் உண்டு. அது அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. கேள்வி முடிவதற்கு முன்னே பதில் வந்துவிடும். நெல்லையப்பர் கோயிலுக்கு வயசான ஆட்களைக் கூட்டிப் போனால் தேங்காய்ப் பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போவேன். அங்கே தட்டினால் பாடுகிற கல்தூண்கள் இருக்கின்றன. குடைப் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுவார். ஒரு அம்மாள், "இதைச் செய்ய எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள். "பதினெட்டு" என்றார். அடுத்த வாரம் வேறு ஒரு கூட்டத்தில் அதையே கேட்டார்கள். "இருபத்தேழு" என்றார். இரண்டு தடவையும் கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் தலையாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பசித்தவன் இலையில் சோறு விழுவதைப் பார்ப்பது போல் இருக்கும்.

ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்திருந்தாள். பாளையங்கோட்டைக்குப் போகிற சாலை. வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தைக் காட்டி, அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். கையில் நோட்டு வைத்திருந்தாள். "இலுப்பை" என்றார் இவர். அவள் எழுதிக்கொண்டாள். அது மருத மரம். என் வண்டிச் சக்கரத்துக் குடம் அந்த மரத்தில் செய்தது. நான் கீழே குனிந்து அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய நோட்டில் இன்றைக்கும் அது இலுப்பையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு தடவை கண் தெரியாத ஒருவர் தனியாக வந்து இறங்கினார். யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். இவர்தான் போய்க் கையைப் பிடித்தார். கோயிலில் ஒவ்வொரு சிலையாக அவர் கையை எடுத்து வைத்து, இது மூக்கு, இது வில், இது குறத்தியின் கூடை என்று சொன்னார். அரைநாள் ஆனது. மத்தியானம் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டு, மறுபடி ரயில் ஏற்றிவிட்டார். அந்தப் பிறவிக் குருடர் ஜன்னல் வழியே கையைக் கூப்பிக்கொண்டே போனார். அதையும் நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அவர் வீட்டுக்கு முதலில் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாம் தெரு. அவர்கள் உள்ளே சாப்பிட, நான் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். வாளியைக் கொண்டுவந்து வைத்த அந்த வீட்டு அம்மா மெதுவாகக் கேட்டார்கள்.

"ஏப்பா, வெளிய இவுக நல்லாப் பேசுதாகளா?"

"பேசுதாக."

"வீட்டுல வாயே தொறக்க மாட்டாக. பருப்பு எங்கன இருக்குன்னு தெரியாது, பிள்ள எத்தனாம் கிளாசுன்னு தெரியாது. முப்பது வருசம் கோர்ட்டுக் கச்சேரில இருந்தாக. எழுதுன்னா எழுதணும், போன்னா போகணும். ஒரு மனுசன் இவுகளப் பாத்து ஒரு கேள்வி கேட்டதில்ல. இப்ப நாலு பேரு கேக்காங்க. போகட்டும்னு விட்டுட்டேன்."

 காலி வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

வெளியே அவர் பேசும்போது ஆட்களைப் பார்த்துப் பேச மாட்டார். முன்னால் வேகமாக நடப்பார். பேச்சு தோளுக்கு மேலாகப் பின்னால் வரும். வருகிறவர்கள் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒன்று மட்டும் அவர் செய்து பார்த்ததில்லை. யாரையும் எதுவும் கேட்டதில்லை. வழி கேட்க மாட்டார். பெயர் கேட்க மாட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்க மாட்டார். "நீங்க தஞ்சாவூர்ப் பக்கம்" என்று அவரே சொல்வார். அவர்கள் விழுப்புரம் என்பார்கள். "அதான், அந்தப் பக்கம்" என்பார்.

கிருஷ்ணாபுரத்துச் சிலை பார்க்க ஒரு குடும்பம் என் வண்டியில் போனது. ஏழு பேர். போகிற வழியில் குளத்துக்கரை வழியாகப் போனால் சுருக்கு என்றார் இவர். முந்தின வாரப் பெருமழையில் அந்தக் கரை உடைந்திருந்தது. நான் பார்த்திருந்தேன்.

"அண்ணாச்சி, அங்கன கரை உடஞ்சு கெடக்கு," என்றேன்.

"ஒன்னைய யாருலே கேட்டா?"

வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். சின்னப் பெண் ஒன்று அதைத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நான் குளத்துக்கரையில் ஏற்றினேன். உடைப்பில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கியது. எல்லாரும் சேற்றில் குதித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கை நீட்டிக் கூலி வாங்குறியே, வழி தெரிய வேண்டாமா உனக்கு? தடிமாடு!"

குடைக்காரர் கொஞ்சம் தள்ளிப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தர்மத்துக்குச் செய்கிறவரை எப்படிச் சொல்வது? கூலி வாங்குகிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தூக்கும்போது நான் ஒரு முடிவு செய்தேன். இனி கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அது சௌகரியமாகவே இருந்தது.

இனி ஐப்பசி மாதத்துக்கு வருகிறேன்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். தூக்கக்கூடிய சாமியை மட்டும், மலையில் மழை என்று தாக்கல் வந்ததுமே கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு திரும்பக் கொண்டு போவார்கள். சாமி மேலே ஏறிவிட்டால் ஊரில் ஒருவரும் ஆற்றில் இறங்க மாட்டார்கள். தமுக்கடிக்க வேண்டாம். சாமி ஏறியாச்சு என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் தெருத் தெருவாக வந்து சேர நேரம் பிடிக்கும்.

மூன்று நாளாக மேற்கே மலை தெரியவில்லை. கறுப்பாக மூடிக் கிடந்தது. எங்களுக்குத் தூற்றல்கூட இல்லை. நல்ல வெயில். விடிகிற வெள்ளாப்பில் மாடுகளைக் குளிப்பாட்டக் குறுக்குத்துறைக்கு ஓட்டிப் போனேன். வண்டிக்காரர்களில் அன்றைக்கு நான் மட்டும்தான். அப்போது சாமியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் தண்ணீரில் நடந்து வந்தார்கள். முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வந்தார். நான் மாட்டை ஒதுக்கி நிறுத்தி, தலைத்துண்டை எடுத்துக் கும்பிட்டேன்.

"சாமி ஏறியாச்சுப்பா. மாட்டக் கரையேத்து," என்றார் பின்னால் விளக்குக் கொண்டு வந்தவர்.

ஏற்றினேன். தண்ணீர் அப்போது கணுக்காலுக்கு மேல் இல்லை. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

ஸ்டேஷனுக்கு வந்தபோது குடைக்காரர் வேப்பமரத்தடியில் நின்றார். முதல் ரயிலுக்கே வந்துவிட்டதாக மாடசாமி சொன்னான். முற்பகல் ரயிலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். அவருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெரிய மீசை. தோளில் கம்பளி. அந்த அம்மாளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மற்றக் கண் தப்பித்தால் வெள்ளியில் கண் செய்து வைப்பதாகக் குறுக்குத்துறை முருகனுக்கு நேர்ந்துகொண்டு, தப்பித்துவிட்டதால் வந்திருந்தார்கள். அந்த வெள்ளிக் கண்மலரை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க. நான் காட்டுதேன். கூலி கிடையாது."

அவர்களுக்குச் சந்தோஷம். என் வண்டியைப் பேசினார்கள். ஏறும்போது அந்த அம்மாள் குடைக்காரரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஆத்துக்குள்ள இருக்குற கோயிலாமா. தண்ணி நெறைய இருக்குமுங்..."

"முழங்காலுக்குக் கீழ."

"மேக்கால இருட்டிக் கெடக்குதுங்களே?"

"அது மலை. அங்கன பெஞ்சா அங்கனயே கெடக்கும். சாமி உள்ளதான் இருக்காரு. காலைல நான் போயிக் கும்பிட்டுட்டுத்தான் வாரேன்."

காலையிலிருந்து அவர் மரத்தடியைவிட்டு நகரவில்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் செவலைக்குப் பூட்டாங்கயிறு மாட்டிக்கொண்டிருந்தேன். கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். கோயில் வரைக்கும் போகட்டும். பூட்டிக் கிடக்கிற கதவைப் பார்க்கட்டும். காலையில் கும்பிட்ட சாமி எங்கே என்று இந்த மீசைக்காரர் கேட்கட்டும். ஒரு தடவையாவது இவர் பேச்சு வராமல் நிற்பதை நான் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நினைத்தேன். தண்ணீர் எப்படியும் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்து சேரும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

டவுணில் அவர்கள் பூ, தேங்காய் வாங்க நேரமாகிவிட்டது. துறைக்குப் போனபோது உச்சிப்பொழுது திரும்பியிருந்தது. மேலக்கோயில் நடை சாத்தியிருந்தது. படித்துறையில் ஆள் இல்லை. துணி துவைக்கிற கல் எல்லாம் காய்ந்து கிடந்தது. எந்த நாளும் அப்படி இருந்ததில்லை.

"பாத்தீகளா, ஒரு ஈ காக்கா இல்ல," என்றார் குடைக்காரர். "நெரிசல் இல்லாமக் கும்பிடலாம். நல்ல நேரத்துல வந்திருக்கீக."

கல் வழுக்கும், ஒற்றைக் கண்ணுக்கு அடி தெரியாது என்று அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் துணியைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"நீ இங்கயே இரு புள்ள. சாத்திப்போட்டு ஓடியாரேன்," என்றார் அவர். அதை மடியில் முடிந்துகொண்டு இறங்கினார்.

முன்னால் குடை. பின்னால் அவர். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. அதில் குடைக்காரர் சொன்னது சரி. போகிற வழியில் கல்மண்டபங்களை எல்லாம் காட்டிக்கொண்டே போனார். பேச்சு எனக்குக் கரை வரைக்கும் கேட்டது. கோயில் வாசலுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அவர் பேச்சு நிற்கவில்லை. கோபுரத்தைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மயிலை தலையைத் தூக்கியது. காது மேற்கே திரும்பியது. பிறகு பின்வாங்கி வண்டியைத் தள்ளியது. நான் தண்ணீரைப் பார்த்தேன். கஷாய நிறம் வந்திருந்தது. மேலே சருகும் நுரையும்.

கத்தினேன். "அண்ணாச்சி! தண்ணி வருது! திரும்புங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார். ஒன்னைய யாருலே கேட்டா என்று அந்தக் கை சொன்னது. மறுபடி கத்தினேன். அப்போதுதான் காலைப் பார்த்தார்.

இருவரும் ஓடி வந்தார்கள். பாதி வழியில் இடுப்புக்கு வந்துவிட்டது. தண்ணீர் கலங்கி அடி தெரியவில்லை.

"எந்தப் பக்கமுங்க?" என்று மீசைக்காரர் கத்திக் கேட்டார்.

குடைக்காரருக்கு எப்படித் தெரியும்? எங்களில் யாருக்குமே தெரியாது. ஆனாலும் குடை உயர்ந்தது. "இங்கன! இங்கன பாறை!" என்று வலது பக்கம் காட்டினார். அந்த மனிதர் ஒரு எட்டு வைத்தார். அங்கே பாறை இல்லை. மடு. தலை ஒரு தடவை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. குடையும் போனது. குடைக்காரர் ஒரு மண்டபத் தூணைக் கட்டிக்கொண்டார்.

பூட்டாங்கயிற்றையும் தலைக்கயிற்றையும் சேர்த்து முடிந்து எறிந்தேன். அது எட்டியது குடைக்காரரைத்தான். மறுமுனையைச் செவலையின் கழுத்தில் போட்டு இழுத்தேன். மேலக்கோயில் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள் அவரைப் படியில் போட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் அழவில்லை. தண்ணீர் போகிற திசையைப் பார்த்தாள். "அவருக்கு நீச்சல் தெரியுமுங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

மூன்றாம் நாள் சீவலப்பேரிப் பக்கம் கரை ஒதுங்கினார். மடியில் மஞ்சள் துணி அவிழாமல் இருந்தது.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேலக்கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள். சுற்றிலும் கூட்டம்.

"கூலி வாங்கிட்டு ஆளக் கொண்டுபோயி ஆத்துல தள்ளிட்டான்," என்று ஒருவன் சொன்னான்.

"சாமி ஏறினது தெரியாம என்னலே வண்டி ஓட்டுதான்?" என்றான் இன்னொருவன். கல் ஒன்று வந்து என் கால் பக்கத்தில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவரைத்தான் கேட்டார்.

"காலையிலே கோயிலுக்குப் போனதாச் சொன்னீராமே?"

"சொன்னேன். போகல."



"ஏன் சொன்னீர்?"

அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அடுத்ததைக் கேட்டார்.

"இந்த வண்டிக்காரனுக்குச் சாமி ஏறினது தெரியு..."

"தெரியாது," என்றார். பழைய வேகம். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அவனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான். கிருஷ்ணாபுரத்துக்குப் போகையில கரை உடஞ்சிருக்குன்னு சொன்னவன் அவன். நான்தான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டாம் கிளாஸ் வரைக்கும் படிப்பு உண்டு. கையெழுத்தே போட்டேன்.

அவர் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. கூலி வாங்காதவரை என்ன சொல்லிப் பிடிப்பது? அந்த அம்மாளைக் கூட்டிப் போக அவள் அண்ணன் வந்தான். நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டு விட்டேன். அவன் மடியை அவிழ்த்தான். வேண்டாம் என்றேன். அவன் என்னைக் கும்பிட்டான். அன்றைக்கு ஒரு நாள் நானும் கூலி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு குடைக்காரர் ஸ்டேஷன் பக்கம் வரவில்லை. மாடசாமிக்கே சலித்துப் போனது. "ஏசுறதுக்கு ஆள் இல்லியேலே," என்பான். வெளியூர்க்காரர்கள் இறங்கித் திருதிருவென்று முழித்து நிற்பார்கள். நாங்கள் கூலி சொல்லுவோம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம். வெறும் வண்டியோடு பாலத்தில் வந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக அவர் நின்றார். கோட்டு இல்லை. கை வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நடுவே வந்து நுகத்தடியைப் பிடித்தார். மாடு நின்றது. கிட்டத்தில் பார்த்தபோது முகம் வற்றிப் போயிருந்தது. அடுத்த மாதம் செத்துப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"ஏலே, ஒண்ணு கேக்கணும்."

அவர் யாரையும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கேளுங்க அண்ணாச்சி."

"அன்னைக்குச் சாமி ஏறினது ஒனக்குத் தெரியுமா?"

கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார். கேட்டால் சொல்வேன் என்று வைத்திருந்தவன் நான். கீழே ஆற்றில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறைவாக இருந்தது. பின்னால் வேறு ஒரு வண்டி வந்து நின்று, "நகருமய்யா!" என்று சத்தம் போட்டது.

"தெரியாது அண்ணாச்சி," என்றேன்.

தலையை ஆட்டினார். நுகத்தடியை விடவில்லை.

"தெரியாதுன்னு எவ்வளவு சுளுவாச் சொல்லிட்ட. எனக்கு அது வரலலே," என்றார். பிறகு மயிலையின் நெற்றியைத் தடவிவிட்டு, ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். "பைய ஓட்டு."

நான் மாட்டைத் தட்டினேன். பாலம் முடிகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.